பல்லுறுப்புக் கோவைப் போக்குக்கோடு: எக்செலில் சரியாக வருகிறது, பைதானில் மைனஸ் 42 லட்சம் வருகிறது

கடலோரம் (ஃப்ளிக்-அன்-ஃப்ளாக், மொரீஷியஸ்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு இங்கே ஒரு சின்ன விருந்தினர் இல்லம் இருக்கிறது. கணக்கு வழக்கு என் பொறுப்பு. எங்களிடம் தங்க வருகிறவர்களின் எண்ணிக்கை நாட்டுக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கத்தான் பைதான் கற்க ஆரம்பித்தேன்.

பழகுவதற்காக மொரீஷியஸுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டேன். லட்சத்தில், ஒரு தசமத்துக்குச் சுருக்கியது:

2015: 11.5
2016: 12.8
2017: 13.4
2018: 14.0
2019: 13.8

எக்செலில் படம் போட்டு, போக்குக்கோடு சேர்த்து, பல்லுறுப்புக் கோவை, படி 2 என்று கொடுத்தேன். வளைவு புள்ளிகளை ஒட்டியே போகிறது. சமன்பாட்டையும் காட்டச் சொன்னேன். க என்பது ஆண்டு, ம என்பது லட்சம் என்று வைத்துக்கொண்டால் இப்படி வந்தது:

ம = −0.2143க² + 865.01க − 872933

இதை அப்படியே பைதானில் எழுதி, க-வுக்கு 2017 கொடுத்தால் −42.16 வருகிறது. வர வேண்டியது பதின்மூன்றரை. அடைப்புக்குறி, கூட்டல் கழித்தல் குறி எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாகிவிட்டது. படத்தில் சரியாக இருக்கும் கோடு நிரலில் மட்டும் ஏன் இப்படிக் கீழே விழுகிறது? இன்னொன்று, எக்செல் இந்த மூன்று எண்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை நானே எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மஹேபூர் மாணவன்

அண்ணா, லைன் சார்ட் போட்டீர்களா, ஸ்கேட்டர் சார்ட் போட்டீர்களா? லைன் சார்ட்டில் எக்செல் ஆண்டை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. 1, 2, 3, 4, 5 என்றுதான் வைத்துக்கொள்ளும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டினோம்.

கடலோரம்

ஸ்கேட்டர்தான் தம்பி. ஆண்டு ஆண்டாகவே இருக்கிறது.

எபென் செல்வி

தம்பி கேட்டது நல்ல கேள்விதான். லைன் சார்ட்டாக இருந்திருந்தால் சமன்பாடு −0.2143க² + 1.8657க + 9.86 என்று வந்திருக்கும். 865 என்று வருவதால் ஆண்டு சரியாகவே போயிருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். எக்செல் படத்தில் காட்டுவது சுருக்கிய எண். உள்ளே அது வைத்திருக்கும் முதல் கெழு −0.2142857142... அதை −0.2143 என்று எழுதிக் காட்டுகிறது. வித்தியாசம் 0.0000143தான், ஆனால் நீங்கள் அதை 2017-இன் வர்க்கத்தால், அதாவது 40,68,289-ஆல் பெருக்குகிறீர்கள். பெருக்கிப் பாருங்கள்: 58 லட்சம் பயணிகள் அந்த நான்காவது தசமத்துக்குள் ஒளிந்திருக்கிறார்கள். நடுக் கெழுவும் 865.00857 என்பதிலிருந்து 865.01 ஆகியிருக்கிறது. அது கிட்டத்தட்ட 3 லட்சத்தை மேலே தள்ளுகிறது. மாறிலியைச் சுருக்கியதில் அரை லட்சம் கீழே போகிறது. மூன்றையும் கூட்டினால் 13.5 இருக்க வேண்டிய இடத்தில் −42.

உங்கள் நிரலில் ஒரு தவறும் இல்லை. எக்செல் படத்தை வரைவது முழு எண்ணை வைத்து, நீங்கள் கணக்கிடுவது சுருக்கிய எண்ணை வைத்து. உடனடித் தீர்வு வேண்டுமானால் படத்திலுள்ள சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்து, எண் வடிவத்தில் தசம இடங்களைப் பத்துக்கு மேல் கூட்டுங்கள். இல்லையென்றால் லைன்எஸ்ட் சார்பைப் போட்டுக் கெழுக்களை நேராகக் கலத்தில் வாங்குங்கள்.

நல்ல தீர்வு இன்னொன்று: ஆண்டிலிருந்து 2017-ஐக் கழித்துவிடுங்கள். −2, −1, 0, 1, 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய எண்ணே எங்கும் வராது.

ரோஸ்ஹில் கணக்கு

செல்வி சொன்ன கடைசி வரியைத் தாளில் செய்து காட்டுகிறேன். கடலோரம், நீங்கள் கையால் ஒருமுறை போட்டுவிட்டால் நிரல் தானாக வந்துவிடும். இவ்வளவு காலம் எச்எஸ்சி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது, சூத்திரத்தை முதலில் காட்டினால் பயப்படுகிறார்கள், ஐந்து எண்ணைக் கொடுத்தால் உட்கார்ந்து போட்டுவிடுகிறார்கள்.

நாம் தேடுவது ம = அ + ஆ×க + இ×க². இங்கே க என்பது ஆண்டிலிருந்து 2017-ஐக் கழித்து வரும் எண். புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து வித்தியாசத்தை ஒவ்வொரு ஆண்டுக்கும் எடுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை எந்த அ, ஆ, இ-க்கு மிகக் குறைவோ அதுதான் விடை. மீச்சிறு வர்க்க முறை என்பது இதைத்தான். லெஜான்டர் 1805-இல் வால்மீன் பாதைகளைக் கணக்கிடும் நூலில் அச்சிட்டார். காஸ் 1809-இல் வெளியிட்டு, 1795 முதலே இதைப் பயன்படுத்தி வருவதாக எழுதினார். இரண்டு பேருக்கும் அதில் மனத்தாங்கல்.

தொகையை அ, ஆ, இ ஒவ்வொன்றையும் பொறுத்து வகையிட்டுச் சுழியாக்கினால் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும். அவைதான் இயல்நிலைச் சமன்பாடுகள். அவற்றுக்கு வேண்டியது சில கூட்டுத்தொகைகள் மட்டுமே:

புள்ளிகளின் எண்ணிக்கை 5
க-வின் தொகை 0
க²-இன் தொகை 4+1+0+1+4 = 10
க³-இன் தொகை 0
க⁴-இன் தொகை 16+1+0+1+16 = 34
ம-வின் தொகை 65.5
க×ம தொகை −23 − 12.8 + 0 + 14 + 27.6 = 5.8
க²×ம தொகை 46 + 12.8 + 0 + 14 + 55.2 = 128

ஆக:

5அ + 10இ = 65.5
10ஆ = 5.8
10அ + 34இ = 128

இரண்டாவது வரி உடனே ஆ = 0.58 என்று சொல்லிவிடுகிறது. முதல் வரியை இரண்டால் பெருக்கி மூன்றாவதிலிருந்து கழித்தால் 14இ = −3, இ = −0.2143. அப்புறம் அ = 13.53. முடிந்தது. 2017-ஐ நடுவில் வைத்ததால் ஒற்றைப்படை அடுக்குகளின் தொகை எல்லாம் சுழியாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு எளிது.

திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 2015-க்கு 11.51, 2016-க்கு 12.73, 2017-க்கு 13.53, 2018-க்கு 13.89, 2019-க்கு 13.83. அசல் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடலோரம்

ஐயா, தாளில் போட்டேன், அப்படியே வந்தது. −0.2143 எக்செல் காட்டியதேதான்! ஆண்டைக் கழித்தாலும் முதல் கெழு மாறவில்லை, மற்ற இரண்டும்தான் மாறுகின்றன. இதை நிரலாக்குவது எப்படி? படி 2-க்கு மட்டும் இல்லாமல் எந்தப் படிக்கும் வருகிற மாதிரி எழுத முடியுமா?

எபென் செல்வி

முடியும், பெரிய நிரலும் இல்லை. ஐயா எழுதிய தொகைகளைக் கவனியுங்கள். படி 2-க்கு க⁰ முதல் க⁴ வரை ஐந்து தொகைகள் தேவைப்பட்டன. படி ப என்றால் 0 முதல் 2ப வரை. அவ்வளவுதான். அணி முழுவதும் அந்தத் தொகைகளாலேயே நிரம்புகிறது: வரிசை வ, நெடுவரிசை ந இருக்கும் கட்டத்தில் தொகை[வ+ந]. தமிழிலேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் பைதானாக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு (க, ம) சோடிக்கும்:
— அடுக்கு = 1
— எ = 0 முதல் 2ப வரை:
— — தொகை[எ] உடன் அடுக்கைக் கூட்டு
— — எ ≤ ப என்றால் வலது[எ] உடன் அடுக்கு × ம கூட்டு
— — அடுக்கு = அடுக்கு × க

அணி[வ][ந] = தொகை[வ+ந]

அடுக்கைப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டே போவதைப் பாருங்கள். அடுக்குக்குறியே வேண்டாம். பலர் கேரட் குறியை (^) போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுவார்கள். எக்செலில் அது அடுக்கு, பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது பிட் அளவில் நடக்கும் வேறு செயல். 3 கேரட் 2 என்றால் அங்கே 9 வராது, 1 வரும். முழு எண்களாக இருந்தால் பிழைச் செய்தியும் வராது, அதுதான் கொடுமை.

அணி தயாரானதும் காஸ் நீக்கல் முறை. மேலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையாக எடுத்து, அதில் மிகப் பெரிய எண் உள்ள வரிசையை மேலே கொண்டுவந்து, கீழே உள்ளவற்றைச் சுழியாக்கி, கடைசியில் கீழிருந்து மேலாகப் பதிலிடுங்கள். வரிசையை மாற்றும் அந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். மூலைவிட்டத்தில் சுழியோ சுழிக்கு மிக அருகில் ஓர் எண்ணோ வந்தால் வகுத்தல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கெழுக்கள் கிடைத்த பிறகு மதிப்பைக் கணக்கிட ஹார்னர் முறை: உச்ச அடுக்கின் கெழுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடவையும் மதிப்பு = மதிப்பு × க + அடுத்த கெழு.

எழுதி முடித்ததும் பயணிகள் எண்ணைப் போடாதீர்கள். விடை தெரிந்த ஒன்றைப் போடுங்கள். 2 + 3க − க² என்பதிலிருந்து ஐந்தாறு புள்ளிகளை நீங்களே உண்டாக்கிக் கொடுத்தால் நிரல் 2, 3, −1 என்று திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் மேலே போகவே கூடாது.

கடலோரம்

2, 3, −1 வந்துவிட்டது அக்கா! கடைசித் தசமத்தில் ஏதோ பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது, அது பரவாயில்லையா?

எபென் செல்வி

அது பரவாயில்லை. கணினி தசமத்தை இரும எண்ணாக வைத்திருப்பதால் வருவது. பதினைந்து, பதினாறு இலக்கம் வரைதான் அதற்கு நினைவு.

ஆனால் அந்த எல்லை எப்போது கடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டைக் கழிக்காமல் 2017-ஐ அப்படியே கொடுத்தால் படி 2-க்கே 2017⁴ வரை போக வேண்டும், அது 1.66 × 10¹³. படி 3 என்றால் 2017⁶, அதாவது 6.7 × 10¹⁹. இந்தத் தசம வகையில் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்கக்கூடிய எல்லை 2⁵³, சுமார் 9 × 10¹⁵தான். நமக்கு வேண்டிய தகவல், ஆண்டுக்கு ஆண்டு உள்ள சின்ன வித்தியாசம், கடைசி இலக்கங்களில் இருக்கிறது. முதலில் போவதும் அந்த இலக்கங்கள்தான். இயல்நிலைச் சமன்பாட்டு முறை இந்த விஷயத்தில் கொஞ்சம் பலவீனமானது, ஏனென்றால் அது அடுக்கை இரட்டிப்பாக்குகிறது.

அதனால் பைதானின் கணக்கு நூலகமான நம்பை (NumPy) இந்த வழியில் போவதில்லை. அதிலுள்ள பாலிஃபிட் என்ற சார்பு, அணியின் நெடுவரிசைகளை அளவுபடுத்தி, ஒருமை மதிப்புப் பிரிப்பு (SVD) முறையில் தீர்க்கிறது. புள்ளிகள் போதாமலோ எண்கள் ஒத்துவராமலோ இருந்தால் எச்சரிக்கையும் தரும். அந்த எச்சரிக்கையை மறைக்கும் வரியை இணையத்தில் பார்த்து நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

மஹேபூர் மாணவன்

அக்கா, பாலிஃபிட் போட்டால் எனக்குக் கெழு தலைகீழாக வருகிறது. −0.2143 முதலில் வருகிறது, 13.53 கடைசியில்.

எபென் செல்வி

பாலிஃபிட் உச்ச அடுக்கை முதலில் தரும். நம்பையின் புதிய பாலினோமியல் வகுப்பு மாறிலியை முதலில் தரும். பரிந்துரைக்கப்படுவது புதியதுதான். அதில் இன்னொன்றும் உண்டு: ஃபிட் செய்யும்போது அது ஆண்டுகளைத் தானாகவே −1 முதல் 1 வரை சுருக்கிக்கொள்ளும். நம் ஐந்து ஆண்டுகளைக் கொடுத்து உடனே கெழுவைக் கேட்டால் 13.53, 1.16, −0.857 என்று சொல்லும். தவறு என்று பதறாதீர்கள். −2 முதல் 2 வரை இருந்ததைப் பாதியாக்கினால் ஆ இரட்டிப்பாகும், இ நான்கு மடங்காகும். பழைய அளவில் வேண்டுமானால் கன்வர்ட் என்று கேட்க வேண்டும்.

மஹேபூர் மாணவன்

சரி, இப்போது என் கேள்வி. படி 2 வைத்தால் ஆர்-ஸ்கொயர், அதாவது கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை காட்டும் அளவு, 0.992. நேர்கோடு வைத்தால் 0.833. படி 4 வைத்தால் 1, அதாவது எல்லாப் புள்ளியையும் தொட்டுவிடுகிறது. அப்படியானால் படி 4-தானே சிறந்தது?

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படி 4 கோட்டை முன்னே நீட்டினேன். 2020-க்கு 10.5 லட்சம், 2021-க்கு 0.3 லட்சம் வருகிறது! நிஜத்தில் 2021-இல் 1.8 லட்சம் பேர்தான் வந்தார்கள். 2019 வரை உள்ள எண்ணை மட்டும் வைத்து அந்த வீழ்ச்சியை அது முன்கூட்டியே காட்டிவிட்டது. படி 2-ஐ நீட்டினால் 2020-க்கு 13.3 என்கிறது, நிஜம் 3.1. அப்போது எது நல்ல கோடு?

வாக்குவா வானிலை

தம்பி, 2022-க்கும் நீட்டினீர்களா?

மஹேபூர் மாணவன்

நீட்டினேன்... −22.1 லட்சம்.

வாக்குவா வானிலை

நிஜத்தில் 2022-இல் வந்தவர்கள் 9.97 லட்சம். எல்லை முழுமையாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-இல், அதன் பிறகு கூட்டம் திரும்பி வந்தது. உங்கள் கோடு இன்னும் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றதற்குக் காரணம் ஒரு தொற்று. அது 2015 முதல் 2019 வரையிலான ஐந்து எண்களில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அந்தக் கோடு 2021-ஐக் கண்டு சொல்லவில்லை, விழுகிற வழியில் அந்த இடத்தைக் கடந்து போனது, அவ்வளவே.

நான் வீட்டில் மழைமானி வைத்து அளக்கிறவன். இங்கே வாக்குவாவில் தினமும் மழையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பதிந்துவிட்டது: ஒரு முறை பொருந்திய கணிப்பைப் பாராட்டுவதற்கு முன் அதற்கு அடுத்த மாதம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

ரோஸ்ஹில் கணக்கு

மாணவனின் கேள்வி அருமையான கேள்வி, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. படி 4 ஏன் எல்லாப் புள்ளியையும் தொடுகிறது? ஐந்து புள்ளிகள், ஐந்து கெழுக்கள். ஐந்து எண்களுக்கு ஐந்து திருகுகளைக் கொடுத்தால் எந்த எண்ணாக இருந்தாலும் பொருத்திவிடலாம். பயணிகள் எண்ணுக்குப் பதில் பேருந்து எண்ணைப் போட்டாலும் ஆர்-ஸ்கொயர் 1-தான் வரும். அப்படி வரும் 1-இல் ஒரு செய்தியும் இல்லை.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். 2016-இன் எண் உண்மையில் 12,75,227. அதைக் கடலோரம் 12.8 என்று சுருக்கியிருக்கிறார், தவறில்லை. அதை 12.75 என்று மாற்றிப் படி 4-ஐ மறுபடி 2022 வரை நீட்டுங்கள். −22.1 என்பது −18.6 ஆகிவிடும். மாற்றியது 5,000 பேர். விடை நகர்ந்தது 3.5 லட்சம். சரியாக 70 மடங்கு. இந்த 70-ஐத் தாளிலேயே பெறலாம்: லெக்ராஞ்சி இடைச்செருகலில் (எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் போகும் கோவையை அமைக்கும் முறை) அந்தப் புள்ளிக்கு 2022-ஆம் ஆண்டில் வரும் எடை, 7×5×4×3 கீழ் −6, ஆக −70. படி 2-இல் இதே மாற்றம் 2022-ஐப் பத்தாயிரம் பேர் அளவுக்குத்தான் அசைக்கும்.

படி 3-ஐயும் பாருங்கள். படி 2-இல் மீதமுள்ள வர்க்கத் தொகை 0.033. படி 3-க்குப் போனால் குறைவது வெறும் 0.001. மூன்றாவது அடுக்கு இந்த எண்களைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லாமல் நிற்கிறது. மீதியை நான்காவது அடுக்கு மொத்தமாக விழுங்குகிறது.

புள்ளிகள் நிறைய இருந்தாலும் உயர்ந்த படி ஓரங்களில் ஆடும். 1901-இலேயே கார்ல் ருங்கே இதைக் காட்டினார்: சம இடைவெளியில் புள்ளிகளை எடுத்து, அவற்றின் வழியே போகும் கோவையின் படியைக் கூட்டிக்கொண்டே போனால், நடுவில் அமைதியாகவும் ஓரங்களில் மேலும் மேலும் பெரிதாகவும் ஆடுகிறது. நாம் எதிர்காலத்தைப் பார்ப்பது எப்போதும் ஓரத்தில் நின்றுதான்.

கடலோரம்

அப்படியென்றால் படி 2 போதும் என்று வைத்துக்கொள்ளலாமா? 0.992 நன்றாகத்தானே இருக்கிறது.

வாக்குவா வானிலை

வைத்துக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை. 2016 முடிவில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 2012 முதல் 2016 வரை: 9.7, 9.9, 10.4, 11.5, 12.8. அடுத்த மூன்று ஆண்டுகளைக் கணிக்க வேண்டும். ஐயா காட்டிய அதே வழியில் போட்டேன், 2014-ஐ நடுவில் வைத்து. இ = +0.2, ஆ = 0.78, அ = 10.46. ஆர்-ஸ்கொயர் 0.999! இதைவிட நல்ல பொருத்தம் யாருக்கும் கிடைக்காது.

இப்போது நீட்டுங்கள். படி 2 சொல்வது: 2017-க்கு 14.6, 2018-க்கு 16.8, 2019-க்கு 19.4. நிஜம்: 13.4, 14.0, 13.8.

நேர்கோட்டின் ஆர்-ஸ்கொயர் 0.915தான். அது சொல்வது 13.2, 14.0, 14.8.

எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தீவு, ஒரே கணக்கு, இடையில் மூன்று ஆண்டு நகர்த்தினால் வளைவு +0.2-இலிருந்து −0.21-க்குக் கவிழ்கிறது. வளைவு நாட்டின் இயல்பாக இருந்திருந்தால் இப்படிக் குறி மாறாது. 2014 முதல் 2016 வரை வேகமாக ஏறிய ஏற்றம் ஒரு பட்டியலில் கடைசியில் வருகிறது, இன்னொன்றில் தொடக்கத்தில் வருகிறது. கோவை அதைத்தான் வளைவாகப் படிக்கிறது.

நேர்கோடும் சத்தியமில்லை. 2019-இல் அதுவும் ஒரு லட்சம் தவறுகிறது. ஆனால் அதன் தவறு மெதுவாக வளரும். வர்க்கத்தின் தவறு வர்க்கமாக வளரும். கடலோரத்தின் முதல் சமன்பாட்டை 2030 வரை நீட்டினால் மைனஸ் 15 லட்சம் பயணிகள் வருவார்கள் என்கிறது.

எபென் செல்வி

இதை நிரலிலேயே கட்டிவிடலாம், கண்ணால் பார்க்க வேண்டாம். கடைசி இரண்டு மூன்று புள்ளிகளை ஒதுக்கி வையுங்கள். மீதியில் படி 1, 2, 3 மூன்றையும் பொருத்துங்கள். ஒதுக்கிய புள்ளிகளில் எந்தப் படி குறைவாகத் தவறுகிறது என்று அச்சிடுங்கள். தொடக்க ஆண்டை ஒவ்வொன்றாக நகர்த்தி இதைத் திரும்பச் செய்தால் இன்னும் நல்லது. நீங்கள் எழுதிய சார்பு கையில் இருப்பதால் பத்து வரிதான் கூடும். என் வேலையில் யாராவது வளைந்த போக்குக்கோட்டோடு வந்தால் நான் முதலில் கேட்பது இந்த அட்டவணையைத்தான்.

கடலோரம்

செய்தேன். 2012–2016 எண்களுக்கு நேர்கோடு ஜெயிக்கிறது, நீங்கள் சொன்னது போலவே.

என் உண்மையான தேவைக்கு வருகிறேன். எங்கள் இல்லத்தின் கணக்கு ஆண்டாக இல்லை, மாதமாக இருக்கிறது. டிசம்பரில் அறை கிடைக்காது, ஜூனில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஜனவரி முதல் டிசம்பர் வரை வரைந்தால் அது தானாகவே வளைவாக இருக்கிறது. இதற்குப் படி 2 பொருந்துமே?

ரோஸ்ஹில் கணக்கு

ஓர் ஆண்டுக்குப் பொருந்தும், அடுத்த ஜனவரியில் உடையும். பருவம் திரும்பத் திரும்ப வருவது. பல்லுறுப்புக் கோவை ஒருபோதும் திரும்பி வராது, கடைசியில் ஒரு பக்கமாக மேலேயோ கீழேயோ போய்விடும், அதன் உச்ச அடுக்கு அதை இழுத்துக்கொண்டு போகும். பருவத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் போக்கைப் பார்க்க வேண்டும்.

வாக்குவா வானிலை

எளிய வழி: ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய பதினோரு மாதங்களையும் கூட்டுங்கள். எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் அதில் ஒரு டிசம்பர், ஒரு ஜூன் இருக்கும், பருவம் அடங்கிவிடும். மழைக்கு நான் செய்வது இதுவே. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்தக் கூட்டுத்தொகை காட்டுவது சுமார் ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையை. இன்று கூட்டம் குறைந்தால் அதில் முழுதாகத் தெரிய நாளாகும்.

இன்னொன்று, இப்படிக் கூட்டிய தொகைகள் ஒன்றோடொன்று பதினோரு மாதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் புள்ளிகள் வழவழப்பாகத் தெரியும், ஆர்-ஸ்கொயர் ஏறிவிடும். அந்த ஏற்றத்தை நம்ப வேண்டாம்.

மஹேபூர் மாணவன்

2020, 2021 மாதங்களை என்ன செய்வது? எடுத்துவிடலாமா?

எபென் செல்வி

போக்குக்கோட்டுக்குள் அவற்றைச் சேர்த்தால் வர்க்கமாக்கும்போது அந்த ஒரு பள்ளமே மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். மீச்சிறு வர்க்கத்துக்குப் பெரிய விலகல் என்றால் மிகப் பெரிய கவலை. 2018-இன் 14.0-இலிருந்து 2021-இன் 1.8 வரை, பிறகு 2023-இல் 12.95 வரை, ஒரே கோவையால் இதை நேர்மையாக வரைய முடியாது. எடுத்துவிடுங்கள், ஆனால் சொல்லாமல் எடுக்காதீர்கள். இரண்டு துண்டாகப் போடுங்கள்: 2019 வரை ஒரு கோடு, எல்லை திறந்த பிறகு ஒரு கோடு. நடுவில் இடைவெளி தெரியட்டும், அதன் மேல் காரணத்தை எழுதிவிடுங்கள். பார்க்கிறவருக்கு அதுதான் உண்மையான படம்.

பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையைப் பயன்படுத்துவதானால் இரண்டாவது துண்டை 2022 செப்டம்பரிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய தொகைகளில் மூடியிருந்த மாதங்கள் கலந்திருக்கும்.

கடலோரம்

இப்போது நிரல் இப்படி நிற்கிறது: மாதக் கணக்கைப் படிக்கிறது, பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை எடுக்கிறது, மாதங்களின் வரிசை எண்ணிலிருந்து அவற்றின் சராசரியைக் கழித்து நடுவில் வைக்கிறது, படி 1, 2 இரண்டையும் பொருத்துகிறது, கடைசி ஆறு மாதத்தை ஒதுக்கி வைத்து எது குறைவாகத் தவறுகிறது என்று சொல்கிறது. எங்கள் எண்களுக்கு நேர்கோடுதான் வந்தது. 2, 3, −1 சோதனை ஒவ்வொரு தடவையும் முதலில் ஓடுகிறது. பாலிஃபிட் தரும் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எட்டு தசமம் வரை ஒத்துப்போகிறது.

வீட்டில் காட்டியபோது என் தங்கை கேட்டாள், கோட்டை அடுத்த டிசம்பர் வரை நீட்ட முடியுமா என்று. மெத்தை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு தூரம் நீட்டலாம்?

வாக்குவா வானிலை

ஒதுக்கி வைத்துச் சோதித்தது ஆறு மாதம். அப்படியானால் ஆறு மாதம் வரைதான் உங்கள் கோட்டுக்கு அனுபவம் இருக்கிறது. அதுவரை புள்ளிக்கோடாக நீட்டுங்கள், முழுக்கோடாக வேண்டாம். அந்த ஆறு மாதத்தில் அதிகபட்சமாக எவ்வளவு தவறியதோ அந்த அளவுக்கு மேலேயும் கீழேயும் ஒரு பட்டையை வரையுங்கள். பட்டையின் கீழ் ஓரத்திலும் மெத்தை தேவைப்படுகிறது என்றால் வாங்கலாம்.

எபென் செல்வி

பட்டைக்கு, பைதானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிபில் ஃபில் பிட்வீன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆறு மாதம் தாண்டி யாராவது எண் கேட்டால் சார்பு எண்ணைத் தராமல் பிழையைத் தரும்படி எழுதிவிடுங்கள். இன்னும் ஓராண்டு கழித்து இந்த நிரலை வேறொருவர் திறந்து 2035 என்று தட்டிப் பார்ப்பார். அவருக்கும் இது தெரிய வேண்டும்.